இழைக்காத பலகைகள்

"இனி இழைக்கிறது மட்டும்தான் சார் பாக்கி" என்றார் தச்சர். "இழைச்சு, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடிச்சா வீடு முடிஞ்சுது."

"முக்கால்வாசியா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேலி என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. எந்த வேலையைப் பற்றி எப்போது கேட்டாலும் "முக்கால்வாசி முடிஞ்சுது டீச்சர்" என்பார் அவர். அவருக்கு முக்கால் என்றே பெயர் வைத்துவிட்டாள். எதிரிலேயே அப்படிக் கூப்பிடுவாள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"இழைக்க வேண்டாம்" என்றேன்.

"இன்னைக்கு வேண்டாமா?"

"இப்போதைக்கு வேண்டாம்."

"பதினோரு மாசமா இப்போதைக்குன்னுதான் சொல்றீங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மாதங்களுக்கு முன்பு காய்ச்சல் என்று மனைவியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஆறாம் நாள் தனியாகத் திரும்பினேன். அவளுக்கு முப்பத்தொன்று. மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட முடியவில்லை. மனைவியின் அக்கா குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டு போனார். "வீடு முடியட்டும் தம்பி, நானே கொண்டு வந்து விடறேன்" என்றார். வீடு என்று அப்போது இருந்தது நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு மூலையில் அடுக்கிய பழைய மரம். கதவு கிடையாது. நடந்தால் சிமெண்டுத் தூசி எழும். குழந்தை இருக்கிற இடம் இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

இப்போது கதவு இருந்தது. ஜன்னல்கள், அலமாரிகள், சுவரின் கீழ்ப்பாதி முழுக்கப் பலகை, மகளுக்கு ஒரு கட்டில். எல்லாம் பழைய மரம். எல்லாம் கையால் செய்தது. எதையும் இழைக்கவில்லை.

வீடு என் மனைவியின் யோசனை. புது மரம் வாங்க வசதி இல்லை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், இடிபடுகிற கட்டடங்களைப் பார்த்தால் அவளுக்குக் கால் நகராது. எங்காவது இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நிற்பாள். மூடிப்போன அச்சகத்தின் ஜன்னல்கள் ஆறு. ஒரு மருந்துக் கடையின் அலமாரிக் கதவுகள் நான்கு. ஒரு பள்ளியின் மாடித் தரைப் பலகைகள் நூற்றுப் பதினான்கு. கடப்பாரையால் நெம்பி, வண்டியில் ஏற்றி, நாங்களே கொண்டு வந்தோம். கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தபோது நாங்கள் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து ஆணி பிடுங்கினோம்.

எந்தப் பலகை எங்கே போக வேண்டும் என்று அவள்தான் முடிவு செய்தாள். அளந்து, அதன் மேலேயே எழுதினாள். கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்தும் தடித்த சிவப்புப் பென்சில். "சமையலறை, மேல் தட்டு, இடமிருந்து 2." "ஜன்னல் ஓரம், கிழக்கு." அதோடு நிற்கமாட்டாள். "இங்கே முடிச்சு இருக்கிறது. ஆணி அடித்தால் பிளக்கும். அடித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது." "இதில் பாப்பாவின் எச்சில் பட்டிருக்கிறது. கழுவியாயிற்று." "இந்தப் பலகை உன்னைப் போல. நேராக இருப்பதாக நினைப்பு."

அவள் செய்த தவறு ஒன்றுதான். மர வேலை செய்பவர்கள் பலகையின் பின்பக்கத்தில் குறி வைப்பார்கள், சுவரைப் பார்க்கப்போகிற பக்கத்தில். அவள் நல்ல பக்கத்தில் எழுதினாள். அது சுத்தமாக இருந்தது, எழுத வாகாக இருந்தது. அவ்வளவுதான். நூறு பலகைக்கு மேல் எழுதி முடித்த பிறகுதான் தச்சர் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன டீச்சர் இது, மாப்பிள்ளை மூஞ்சியில பேர் எழுதி வச்ச மாதிரி?"

"ஏன், எழுத்து நல்லா இல்லையா?"

"எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு. பின்னாடி எழுதணும். முன்னாடி எழுதினா இழைக்கும்போது போயிரும்."

"போகட்டுமே. எங்க மாட்டணும்னு அதுவரைக்கும் தெரிஞ்சா போதாதா? நீங்க இழைக்க ஆரம்பிக்கவே எப்படியும் முக்கால் யுகம் ஆகும்."

"சார், இதெல்லாம் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கீங்களே."

"எனக்கும் இதே கதிதான்" என்றேன்.

அழியப்போகிற எழுத்து என்று தெரிந்துதான் எழுதினாள். அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் போன பிறகு முதல் பலகையைக் கையில் எடுத்தபோது, முறைப்படி முதலில் இழைத்துப் பிறகு மாட்ட வேண்டியதை, இழைக்காமலே மாட்டச் சொன்னேன்.

"இது குளிக்காம புதுச் சட்டை போடற கதை சார்" என்றார் தச்சர்.

"மாட்டுங்க."

மாட்டினார். ஆணி அடிக்காமல் எல்லாவற்றுக்கும் திருகாணி போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கதவு வந்தவுடன் அங்கே குடியேறினேன். காலையில் கண் விழித்தால் எதிர்ச் சுவரில் "படுக்கையறை, வடக்கு, 4. கொஞ்சம் கோணல், பரவாயில்லை" என்று இருக்கும். படித்துவிட்டு வேலைக்குப் போவேன். நீர்வழங்கல் அலுவலகத்தில் வரைபடம் சரிபார்க்கும் வேலை. மாலையில் வந்து மற்றச் சுவர்களைப் படிப்பேன். வேறு எதையும் படிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அக்காவின் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சகல, ஒரு விஷயம். எனக்கு மாற்றல் வந்திருக்கு. ரயில்ல ஒரு ராத்திரி, ஒரு பகல் போகணும். அடுத்த மாசம் இருபதாம் தேதி கிளம்பறோம்."

"சரி."

"சரியா? நல்லா இருக்கே! பாப்பாவை அங்கயே ஸ்கூல்ல சேத்துடலாமான்னு அக்கா கேக்கறா." கொஞ்சம் நிறுத்தினார். "அவ கேக்கலை, நான்தான் கேக்கறேன். அவ கேக்க மாட்டா. வீடு எந்த நிலைமையில இருக்கு?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப சனிக்கிழமை கூட்டிட்டு வர்றோம். இருக்கற மாதிரி இருந்தா இருபதாம் தேதி விட்டுட்டுப் போறோம். இல்லைன்னா எங்ககூட வரட்டும். அங்க சேத்துட்டா அப்புறம் படிப்பு அங்கதான் சகல. புள்ளைய நடுவுல பிடுங்க முடியாது."

புரிந்தது. ஒரு ராத்திரி, ஒரு பகல் தூரம் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பேன். மகள் என்னை வந்துபோகிற ஒருவராக நினைவில் வைத்துக்கொள்வாள்.

இரண்டாம் தேதி, சனிக்கிழமை, வீட்டை இரண்டு முறை பெருக்கினேன். மகள் மஞ்சள் செருப்போடு முதலில் உள்ளே வந்தாள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் இந்தப் பலகைகளைப் பார்த்ததில்லை. உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்தார்.

"என்ன சகல, இது வீடா, பரீட்சைப் பேப்பரா?" என்றார் சகலை.

அக்கா திரும்பிப் பார்த்தார். சகலை வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிட ஆரம்பித்தார்.

அப்போது உள்ளே மகள் அலறினாள். கட்டிலில் ஏறி, பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கியிருக்கிறாள். உள்ளங்கையில் சிலாம்பு. பாதி விரல் நீளம், தோலுக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்தது. நான் தூக்கப் போனேன். என்னைத் தாண்டி ஓடிப் பெரியம்மாவின் மடியில் விழுந்தாள். அக்கா புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்தார். என் வேலை வெளிச்சம் பிடிப்பது.

"இந்த வீடு கடிக்குது" என்றாள் மகள்.

சகலை அவளை வண்டிக்குத் தூக்கிப் போனார். அக்கா கட்டில் சட்டத்தில் கை வைத்துப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில், கதவில், வைத்துப் பார்த்தார்.

"ஏன் தம்பி இழைக்கலை?"

"இழைச்சா எழுத்து போயிரும்."

அவர் ஜன்னல் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இந்த ழவைப் பாருங்க. வாலை எவ்வளவு நீட்டி விட்டிருக்கா. அஞ்சு வயசுல நான்தான் கையைப் பிடிச்சு எழுத வச்சேன். வாலை வெட்டுடி, அடுத்த வரியில போய் இடிக்குதுடீன்னு அப்பவே சொல்வேன். கேட்டாத்தானே."

"ம்."

"இதை அழிங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா புள்ள இங்க இருக்கணும்னா இழைச்சாகணும். இழைக்கலைன்னா அவ எங்ககூட வரட்டும், நான் பாத்துக்கறேன். நீங்க எதைச் செஞ்சாலும் நான் அழத்தான் போறேன். அதனால என்னைக் கேக்காதீங்க."

பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் தச்சர் வந்தார். பலகைகளைத் திருப்பி மாட்டலாமா என்று கேட்டேன். நான்கைக் கழற்றித் திருப்பினோம். பின்பக்கம் முழுக்கச் செல்லரித்த பள்ளம், ஆணித் துளை, பழைய சுண்ணாம்பு. ஒன்று விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

"மூட்டைப்பூச்சிக்கு அடுக்கு மாடி கட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும் சார்" என்றார்.

இழைக்காமலே மேலே கெட்டியாக வார்னிஷ் அடித்தால்? ஒரு பலகையில் அடித்துக் காயவிட்டோம். முன்பு படுத்திருந்த நார்கள் வார்னிஷ் குடித்து விறைத்து நின்றன. முன்பைவிட மோசம். சுவர்ப் பலகைகளை எல்லாம் படம் எடுத்தேன். கைபேசித் திரையில் அது யாரோ ஒருவர் எழுதிய சாமான் பட்டியல் போல இருந்தது.

"நீங்க இங்க இருந்தா இது ஆகாது சார்" என்றார் தச்சர். "புதன்கிழமை மெஷின் கொண்டு வரேன். காலையில கிளம்பி எங்கயாவது போங்க. சாயங்காலம் வாங்க. முடிஞ்சிருக்கும்."

போனேன். தெருமுனையில் வந்த பேருந்தில் ஏறினேன். கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"எங்க சார் போகணும்?" என்றார் நடத்துனர்.

"கடைசி ஸ்டாப்."

"இதான் கடைசி."

"அப்ப முதல் ஸ்டாப் கொடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சீட்டுக் கிழித்தார். நான்கு முறை போய் வந்தேன். மூன்றாம் முறை அவர் சீட்டுக் கேட்கவில்லை.

திரும்பியபோது தச்சர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மெஷினின் வயர் சுற்றியபடியே இருந்தது. பலகைகளை எல்லாம் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். ஓரங்களை மட்டும் கையால் சீவி முடித்திருந்தார். நல்ல பக்கத்தைத் தொடவில்லை.

"என்ன ஆச்சு?"

ஒரு பலகையை எடுத்துக் காட்டினார். சமையல் மேடைக்கு அடியில் இருந்தது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். நானும் பார்த்ததில்லை. "முக்கால் அவர்களுக்கு: மீதிக் கால்வாசி இதுவரை வந்து சேரவில்லை. உடனே ஒப்படைக்கவும்."

"என்னைத் திட்டி எழுதியிருக்காங்க சார்" என்றார். "மாட்டறப்ப சிமெண்டுத் தூசி மூடியிருந்துது, இது இங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. எப்படி சார் இழைக்கிறது?"

மூக்கில் தூசி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு குழாயடிக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவினார்.

அவர் வந்ததும், கையால் தள்ளி இழைக்கிற இழைப்புளியைக் கேட்டு வாங்கினேன். மெஷின் வேண்டாம் என்றேன். முதலில் காந்தத்தை மேலே ஓட்டி, உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கத்தியின் முனை உடைந்துவிடும். பிறகு தள்ள வேண்டும். பழைய பலகை நடுவில் குழிந்திருக்கும், ஓரங்கள் தூக்கியிருக்கும். கத்தி முதலில் ஓரங்களைத்தான் தின்னும். அவள் எப்போதும் நடுவில் எழுதுவாள். அதனால் முதல் நாலைந்து தள்ளலில் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. சுற்றிலும் புதுமரம் வெளுப்பாகத் தெரியும், நடுவில் எழுத்து மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். பிறகு அதன் ஓரம் கரையும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போகும். அப்புறம் ஒரே தள்ளலில் மிச்சமும் போகும். சீவல் சுருளில் சிவப்புக் கோடு இருக்கும். கையில் எடுத்தால் உடையும்.

முதல் இரண்டு நாள் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு இழைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து படிக்கவில்லை. படித்தால் இருபதாம் தேதிக்குள் முடியாது.

அலுவலகத்தில் விடுப்புச் சொன்னேன். தச்சர் வேறு வேலைகளை ஒத்திப்போட்டார். நான் இழைக்க, அவர் உப்புத்தாள் போட்டு என் பின்னாலேயே மாட்டிக்கொண்டு வந்தார். கட்டிலின் பக்கச் சட்டங்களை அவரே முனை மழுங்க உருட்டிக் கொடுத்தார். சமையல் மேடைப் பலகையை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அது வெறும் மரமாக இருந்தது. தடவிப் பார்த்தார். "நல்ல மரம்" என்றார்.

சீவல் ஐந்து சாக்கு சேர்ந்தது.

"இதை என்ன சார் பண்றது?"

"எப்பவும் என்ன பண்ணுவீங்க?"

"அடுப்புக்கு."

"அப்ப அடுப்புக்கே போகட்டும்."

ஒன்பது நாளில் இழைத்து முடித்தேன். மூன்று முறை வார்னிஷ் ஏறியது. நாற்றம் போக ஜன்னல்களைத் திறந்தே வைத்தேன். பத்தொன்பதாம் தேதி மாலை வீட்டில் படிக்க ஒன்றும் இல்லை.

இருபதாம் தேதி காலை, ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் மகளைக் கொண்டு வந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் இரண்டு உள்ளங்கையாலும் தடவிப் பார்த்தார். கட்டிலை, கதவை, சுவர் நெடுக. ஜன்னல் ஓரத்தில் கொஞ்ச நேரம் கை நின்றது.

"இழைக்கும்போது அழுதீங்களா தம்பி?"

"வேர்த்துது."

அவர் குழந்தையின் இரண்டு பைகளைக் கட்டிலில் வைத்தார். பால் எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் படுப்பாள், தலை வாரும்போது எதைக் கையில் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வேகமாகச் சொன்னார். பிறகு, "நின்னா போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். சகலை என் தோளைத் தட்டினார். ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போனார்.

மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. வண்டி தெருவைத் தாண்டும்வரை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நடந்தாள். சமையலறைக்குப் போய்க் கீழ் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குளியலறை. கட்டிலுக்கு அடியில். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன்.

"என்ன தேடறே?"

மருந்துக் கடைக் கதவுகள் போட்ட பெரிய அலமாரிக்கு வந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தாள்.

"அப்பா, மேல திற."

தூக்கிப் பிடித்துத் திறந்து காட்டினேன். காலி.

"அம்மா எங்க?"

"பெரியம்மா ரயிலுக்குப் போயிட்டாங்களே பாப்பா."

"பெரியம்மா இல்ல. அம்மா."

அவளைக் கீழே இறக்கினேன்.

"வீட்டு வேலை முடிஞ்சாச்சு இல்ல?" என்றாள்.

"முடிஞ்சாச்சு."

"அன்னைக்கு வந்தப்ப முடியல. இப்ப முடிஞ்சாச்சு. அப்ப அம்மா எங்க?"

"அம்மா இங்க இருக்கான்னு யார் சொன்னா?"

"நீதான்."

நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய அந்த ஆறாம் நாள் மாலை, அக்கா வீட்டு வாசலில், அம்மா வரலியா என்று கேட்டவளிடம் சொன்னேன். அம்மாவுக்கு வீட்டு வேலை இருக்கு, முடிஞ்சதும் பாக்கலாம். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக எனக்கு ஏதாவது ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. சொன்னதை அன்றே மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு பார்க்கப் போன ஒவ்வொரு வாரமும் அவள் முதலில் கேட்டது, வீடு முடிஞ்சுதா என்பதைத்தான். இன்னும் இல்ல பாப்பா என்பேன். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெரியம்மாவும் சிரிப்பார். பதினோரு மாதம் அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

தரையில் உட்கார்ந்தேன். அவள் நின்றாள். முகம் நேருக்கு நேராக வந்தது.

"அம்மா செத்துப் போயிட்டா பாப்பா" என்றேன்.

அந்தச் சொல்லை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படிவங்களில் வேறு சொல் இருக்கும்.

"எப்ப?"

"போன வருஷம். ஆஸ்பத்திரியில."

"அப்ப வீட்டை யாரு முடிச்சா?"

"நானும் தச்சர் மாமாவும்."

அவள் யோசித்தாள். திறந்து கிடந்த அலமாரிக் கதவுகளைப் பார்த்தாள்.

"இனிமே வரமாட்டாளா?"

"வரமாட்டா."

"நீ பொய் சொன்ன."

"ஆமா."

அவள் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதலில் சத்தம் இல்லாமல் அழுதாள். பிறகு சத்தமாக. பெரியம்மா வேண்டும் என்றாள். ரயில் இன்னும் கிளம்பியிருக்காது. கூப்பிட்டால் அக்கா பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார் என்று தெரியும். கைபேசியை எடுத்தேன். எண்ணை அழுத்தாமல் கீழே வைத்தேன். கை நீட்டினேன். தட்டிவிட்டாள். மறுபடி நீட்டவில்லை. எழுந்தும் போகவில்லை.

மதியம்வரை அப்படியே இருந்தோம். நடுவில் அவள் சற்றுத் தூங்கினாள், விழித்ததும் நினைவு வந்து மறுபடி அழுதாள். பிறகு அவளுக்குப் பசித்தது. கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லாததால் என்னிடம் கேட்டாள்.